தன் தப்பையெல்லாம் எண்ணி வெளியிட்ட டாக்டர்... தோள்பட்டை வலிக்காரர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய காட்மன் கதை!

சட்டைக்குள்ள கையை நுழைக்க முடியலை. பஸ்ல மேல் கம்பியைப் பிடிச்சா உயிர் போகுது. ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்கவே முடியலை... உங்க வீட்டுல அம்மாவோ அப்பாவோ இப்படிப் புலம்பிக் கேட்டிருப்பீங்க. ஃபிசியோதெரபிஸ்ட்கிட்ட போனா, குனிஞ்சு நின்னு, வலிக்கிற கையைத் தொங்கவிட்டு, பெண்டுலம் மாதிரி ஆட்டச் சொல்லியிருப்பாங்க. அந்தப் பயிற்சிக்குப் பேரு 'காட்மன் பயிற்சி'. 'ஃப்ரோஸன் ஷோல்டர்'ங்கிற பேரைக் கொடுத்ததும் அதே காட்மன்தான்.

யார் இவர்?

எர்னெஸ்ட் ஏமரி காட்மன், 1869-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தவர். ஹார்வர்டில் மருத்துவம் படித்தார். அப்போதெல்லாம் ஆபரேஷனுக்கு ஈதர் மயக்கம் கொடுப்பது மாணவர்களின் வேலை. காட்மனும், பின்னாளில் மூளை அறுவை சிகிச்சையில் பெரிய பெயர் எடுத்த ஹார்வி குஷிங்கும் அங்கே நண்பர்கள். யார் ஒழுங்கா மயக்கம் கொடுக்கிறாங்கன்னு இரண்டு பேருக்கும் ஒரு பந்தயம். ஜெயிச்சா டின்னர்! அதற்காக நோயாளியின் நாடித்துடிப்பையும் மூச்சையும் நேரம் போட்டுக் குறித்துவைக்க ஆரம்பித்தார்கள். எதையும் எழுதிவைக்கும் பழக்கம் காட்மனை அதற்குப் பிறகு விடவே இல்லை.

ஒரு வருஷம் கழிச்சு எப்படி இருக்கீங்க?

சர்ஜன் ஆனதும் அவருக்குள் ஒரு கேள்வி. ஆபரேஷன் முடிஞ்சு நோயாளி வீட்டுக்குப் போயிடுறார். அதுக்கப்புறம் அவருக்கு என்ன ஆச்சுன்னு யாருக்குத் தெரியும்? அதனால் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு அட்டை போட்டார். என்ன பிரச்னை, என்ன சிகிச்சை, ஒரு வருடம் கழித்து என்ன நிலை, சரியாகவில்லை என்றால் ஏன்... எல்லாம் அதில் இருக்கும்.

கேட்க சாதாரணமாத்தான் இருக்கு இல்லையா? ஆனா, அந்த அட்டை யாரோட கைக்குத் தப்பு நடந்ததுன்னு காட்டிக்கொடுத்துடும். அதுதான் மற்ற டாக்டர்களுக்குப் பிடிக்கவில்லை. அவர் வேலை பார்த்த மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனையில் சீனியாரிட்டி பார்த்துத்தான் பதவி உயர்வு. 'சிகிச்சையின் முடிவைப் பார்த்துக் கொடுங்கள்' என்பது காட்மனின் கட்சி. அது எடுபடாமல் போக, 1914-ல் வேலையை விட்டார்.

அடுத்த வருடம் நடந்ததுதான் ஹைலைட். 1915 ஜனவரியில் பாஸ்டன் டாக்டர்கள் கூடிய கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். அங்கே ஒரு பெரிய கார்ட்டூனைத் திறந்துவைத்தார். பாஸ்டனின் பணக்காரப் பகுதி மண்ணுக்குள் தலையைப் புதைத்த நெருப்புக்கோழியாக நிற்கிறது. பின்னாடி அது உதைத்துத் தள்ளும் தங்க முட்டைகள் டாக்டர்கள் பக்கம் போகின்றன. ஹார்வர்டு தலைவரும் படத்தில் இருந்தார்! கூட்டமே கொதித்துப்போனது. தலைவர் பதவி போச்சு. ஹார்வர்டு ஆசிரியர் பணியும் போச்சு.

337 பேர்... 123 தப்பு!

ஊருக்கு மட்டும் உபதேசம் பண்ற ஆள் இல்லை காட்மன். 1911-லேயே சின்னதா ஒரு சொந்த மருத்துவமனை ஆரம்பித்திருந்தார். 1916 வரை அங்கே சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்கள் 337 பேர். அதில் 123 தவறுகள் நடந்ததாக அவரே கணக்கெடுத்து, அச்சடித்து வெளியிட்டார். எது அறிவுக் குறைவு, எது தப்பான முடிவு என்று வகை வேறு பிரித்திருந்தார். தன்னுடைய தவறுகளையும் விடவில்லை.

தோளுக்கு வருவோம்!

தோள்பட்டை வலின்னா அப்போ பொத்தாம்பொதுவா ஒரு பேர் வெச்சு அனுப்பிடுவாங்க. காட்மன் சடலங்களை அறுத்துப் பார்த்தார். எக்ஸ்ரே வந்த புதிதிலேயே அதையும் கற்றுக்கொண்டிருந்தார். கையைத் தூக்க உதவும் தசைநாண் கிழிவதுதான் பலருடைய வலிக்குக் காரணம் என்று புரிந்துகொண்டார். கிழிந்த தசைநாணைத் தைத்துச் சரிசெய்த விவரத்தை 1911-ல் வெளியிட்டார்.

பெண்டுலம் பயிற்சியின் சூட்சுமமும் அதுதான். நிமிர்ந்து நின்னு கையைத் தூக்கினா, புண்பட்ட தசைநாண் பாரத்தைச் சுமக்கணும். குனிஞ்சு தொங்கவிட்டா, புவியீர்ப்பே கையை இழுத்துக்கும். தசைக்கு ஓய்வு, மூட்டுக்கு அசைவு. (டாக்டர்கிட்ட கேட்காம நீங்களா ஆரம்பிச்சுடாதீங்க!)

இத்தனை வருட உழைப்பையும் 1934-ல் 'தி ஷோல்டர்' என்ற புத்தகமாக்கினார். செலவு? சொந்தக் காசு. ஃப்ரோஸன் ஷோல்டரை விளக்குவதும் கஷ்டம், குணப்படுத்துவதும் கஷ்டம் என்று அதிலும் மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

1940-ல் காட்மன் இறந்தார். மனைவி குடும்பத்தின் கல்லறை இடத்தில் புதைத்தார்கள். பெயர் பொறித்த ஒரு கல்கூட வைக்கவில்லை. 2014-ல்தான் மருத்துவர்கள் சேர்ந்து அங்கே கல் நட்டார்கள். அதற்குள், சிகிச்சையின் முடிவுகளை ஆய்வு செய்வது உலகம் முழுக்க மருத்துவத்தில் ஒரு தனித் துறையாகவே வளர்ந்திருந்தது.

அடுத்த தடவை வீட்டுல யாருக்காவது ஆபரேஷன்னு பேச்சு வந்தா, செலவு எவ்வளவுன்னு கேட்கிறதோட நிறுத்தாதீங்க. 'இதே ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க ஒரு வருஷம் கழிச்சு எப்படி இருக்காங்க டாக்டர்?'னும் கேளுங்க. அந்தக் கேள்வியைக் கேட்டதுக்காகத்தான் ஒருத்தர் தன் பதவிகளையெல்லாம் இழந்தார்!