பாரடே எழுதிய நோட்டு

மைக்கேல் பாரடேயின் விதியை நாம் எல்லோரும் படித்துவிட்டோம். நான் சொல்ல வந்தது அவர் நாள்தோறும் எழுதிய நோட்டைப் பற்றி.

1791-ல் இங்கிலாந்தில் ஓர் ஏழைக் கொல்லரின் மகனாகப் பிறந்தார் பாரடே. பள்ளிப் படிப்பு, எழுதப் படிக்க, கணக்குப் போட என்பதோடு நின்றது. 1805-ல் லண்டனில் ஒரு பைண்டிங் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த புத்தகங்களைப் படித்து, பிடித்ததை நோட்டில் எழுதி வைத்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். சந்தேகம் கேட்க வீட்டில் ஆள் கிடையாது. அவருக்கும் அதே நிலைதான். நோட்டுதான் வாத்தியார்!

1812-ல் விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்பெடுத்து, படம் வரைந்து, தானே பைண்டு செய்து அவருக்கே அனுப்பினார். அடுத்த ஆண்டு டேவியிடமே ஆய்வுக்கூட உதவியாளர் வேலை கிடைத்தது.

காந்தத்திலிருந்து மின்சாரம் எடுக்க 1825-ல் முயன்றார், பலன் இல்லை. அதையும் மறைக்காமல் எழுதினார். 1831 ஆகஸ்ட் 29-ல் இரும்பு வளையத்தில் இரண்டு காயில் சுற்றி, ஒன்றில் பேட்டரியை இணைத்தார். இணைக்கும்போதும் எடுக்கும்போதும் மட்டும் அடுத்த காயிலின் பக்கம் இருந்த ஊசி லேசாக ஆடியது. வேறு யாராவது இருந்தால் அதை விட்டிருப்பார்கள். அவர் எழுதினார். நம் டிரான்ஸ்பார்மரின் ஆரம்பம் அந்த ஆட்டம்தான்.

1840 வாக்கில் அவருக்குத் தலைசுற்றல், ஞாபக மறதி. வேலையே நின்றுபோனது. 1841-ல் ஓய்வுக்காக சுவிட்சர்லாந்து போனார். அங்கேயும் மலை, மழை, நடந்த தூரம் என்று நாட்குறிப்பு எழுதினார். மெல்ல மெல்லத் தேறி, 1845-ல் காந்தத்தால் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்ப முடியும் என்று கண்டுபிடித்தார். மறந்துபோன பழைய சோதனைகளை அவருக்கு ஞாபகப்படுத்தியது நோட்டுதான். 1832 முதல் பத்திக்குப் பத்தி எண் போட்டு எழுதியதால் தேடுவது சுலபம். 1860-ல் கடைசிப் பத்தியின் எண் 16041! 1867-ல் மறைந்தார்.

தோல்வியைத் தாளில் இறக்கி வைத்தால் மனசு லேசாகும், மறுநாள் தொடங்க ஓர் இடமும் கிடைக்கும் என்பது அவர் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம். ரெக்கார்டு நோட்டில் நாம் சரியாக வந்த ரீடிங்கை மட்டும்தான் எழுதுகிறோம். வராததை எழுத இன்னொரு நோட்டு வேண்டும் நண்பர்களே. நாற்பது பக்க நோட்டு போதும். இன்றைக்கே தேதி போட்டு ஆரம்பியுங்கள்!