அமல் குமார் ராய்சௌதுரி

அமல் குமார் ராய்சௌதுரி (செப்டம்பர் 14, 1923 – ஜூன் 18, 2005) இந்தியக் கோட்பாட்டு இயற்பியலாளர் ஆவார். பொதுச் சார்புக் கோட்பாட்டிலும் அண்டவியலிலும் அடிப்படையாகக் கருதப்படும் ராய்சௌதுரி சமன்பாடு இவரது பெயரால் அழைக்கப்படுகிறது.

வாழ்க்கைச் சுருக்கம்

இவர் இன்றைய வங்காளதேசத்திலுள்ள பரிசாலில் பிறந்தார். தந்தை பள்ளிக் கணித ஆசிரியர். கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இளநிலைப் பட்டமும் (1942), கல்கத்தா பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டமும் (1944) பெற்றார். பின்னர் இந்திய அறிவியல் வளர்ப்புக் கழகத்தில் சேர்ந்து சோதனை இயற்பியலில் சில ஆண்டுகள் உழைத்தும் பயன் கிட்டவில்லை. அசுதோஷ் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தபோது சார்புக் கோட்பாட்டில் ஈடுபட்டார். மீண்டும் கழகத்தில் சேர்ந்தபோது உலோகங்களின் பண்புகளை ஆராயுமாறு பணிக்கப்பட்டார். எனினும் தாம் விரும்பிய ஆய்வையும் அவர் கைவிடவில்லை. 1961 முதல் பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றி, பல தலைமுறை மாணவர்களை உருவாக்கினார்.

ராய்சௌதுரி சமன்பாடு

அண்டம் எல்லாத் திசைகளிலும் ஒரே சீராக உள்ளது எனக் கொண்டால், அதன் தொடக்கத்தில் அடர்த்தி முடிவிலியாகிறது. இம்முடிவு அந்த எளிய கருதுகோளால் மட்டும் விளைந்ததா என்பதே இவர் எழுப்பிய கேள்வி. 1955இல் பிசிகல் ரிவ்யூ இதழில் வெளியான கட்டுரையில், சீர்மையைக் கருதாமலேயே பருப்பொருளின் இயக்கத்தை ஆராய்ந்தார். சுழற்சி இல்லாதபோது ஈர்ப்பு பருப்பொருளைக் குவிக்கும் என்றும், சுழற்சி அதனை எதிர்க்கும் என்றும் காட்டினார். 1960களில் பென்ரோசும் ஹாக்கிங்கும் நிறுவிய தேற்றங்களுக்கு இச்சமன்பாடு அடிப்படையாயிற்று.

கரும் ஆற்றலும் சமன்பாடும்

சீரான அண்டத்திற்குப் பொருத்தினால், சாதாரணப் பருப்பொருள் அண்டத்தின் விரிவை மெதுவாக்கும் என இச்சமன்பாடு கூறுகிறது. ஆனால் விரிவு வேகமடைந்து வருவதை 1998இல் மீயொளிர் விண்மீன் நோக்கீடுகள் காட்டின. இதற்கு, மிகுந்த எதிர் அழுத்தம் கொண்ட கரும் ஆற்றல் தேவைப்படுகிறது.

விரிவின் இன்றைய வேகம் குறித்தும் முரண்பாடு உள்ளது. அண்ட நுண்ணலைப் பின்னணியை வழக்கமான மாதிரியில் பொருத்தினால் ஒரு மெகாபார்செக்கிற்கு நொடிக்கு ஏறத்தாழ 67 கிலோமீட்டரும், அருகிலுள்ள விண்மீன் திரள்களை அளந்தால் ஏறத்தாழ 73 கிலோமீட்டரும் கிடைக்கின்றன. இதனைத் தீர்க்க, அண்டத்தின் இளம்பருவத்தில் சிறிது காலம் மட்டும் செயல்பட்டு மறைந்த முற்காலக் கரும் ஆற்றல் முன்மொழியப்பட்டுள்ளது. இம்மாதிரிகள் நுண்ணலைப் பின்னணியோடும் விண்மீன் திரள்களின் பரவலோடும் ஒப்பிட்டுச் சோதிக்கப்படுகின்றன. உறுதியான முடிவு இன்னும் எட்டப்படவில்லை.

மறைவு

இவர் 2005இல் கொல்கத்தாவில் காலமானார். 2020இல் பென்ரோசுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டபோது இவரது பணி மீண்டும் நினைவுகூரப்பட்டது.