இரசவாதமும் குணங்குடியாரும்

மன்னார்புரம் நாற்சந்தியைக் கடந்து நாள்தோறும் கல்லூரிக்கு வரும் மாணவச் செல்வங்களின் கைகளில் இன்று மாயக்கதை நூல்கள் பலவற்றைக் காண்கின்றோம். அவற்றுள் 1997இல் வெளிவந்த ஆரி பாட்டர் முதற்கதை, இரும்பைப் பொன்னாக்கி இறவா நீர் தரும் ஒரு கல்லைச் சுற்றிச் சுழல்வது. அக்கல்லைத் தனக்கெனப் பயன்படுத்த எண்ணாத சிறுவனுக்கே அது கிட்டுகிறது; அதன்மேல் ஆசை கொண்டவனுக்குக் கிட்டவில்லை. கதைமாந்தர் பெயர்களும் கருதத்தக்கவை. ஆல்பஸ் என்பது இலத்தீனில் வெண்மையையும், ரூபியஸ் என்பது செம்மையையும் சுட்டும். கருமை, வெண்மை, செம்மை என்பன மேலை இரசவாதிகள் வகுத்த படிநிலைகளாம்.

இக்குறியீடுகள் மேலை நாட்டாருக்கே உரியன என்று எண்ணுதல் பிழை. ஆல்கெமி என்னும் சொல்லே அல்கீமியா என்னும் அரபுச் சொல்லின் திரிபு. எலிக்சிர் என்பதும் அல் இக்ஸீரே. 1111இல் மறைந்த பேரறிஞர் இமாம் கஸ்ஸாலி, உள்ளத்தைத் தூய்மை செய்யும் நெறியை விளக்கப் பாரசீகத்தில் இயற்றிய நூலுக்கு இன்பத்தின் இரசவாதம் எனப் பொருள்படவே பெயரிட்டார். தமிழகத்திலும் வாதம், வைத்தியம், யோகம், ஞானம் எனச் சித்தர் கலைகள் கிளைத்தன. ஓடித்திரியும் பாதரசத்தைக் கட்டி மணியாக்குதல் வாதம். ஓடித்திரியும் மனத்தைக் கட்டுதல் ஞானம். தொட்டதைப் பொன்னாக்கும் பரிசனவேதியைக் குருவுக்கு உவமையாக்கினார் திருமூலர். அரபு நாட்டு ஞானமும் தமிழ்ச் சித்தர் மரபும் ஒருவர் வாழ்வில் சங்கமித்தன. அவரே குணங்குடி மஸ்தான் சாகிபு.

1792இல், தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் தோன்றிய அப்பெருந்தகையின் இயற்பெயர் சுல்தான் அப்துல் காதிர். கீழக்கரையில் தைக்கா சாகிபு அவர்களிடம் மார்க்கக் கல்வி பயின்றார். மாமன் மகளை மணமுடிக்கக் குடும்பத்தார் விழைந்தனர். இல்லறமும் சுற்றமும் காத்திருக்க, இளமையிலேயே அனைத்தையும் உதறி வெளியேறினார். பெற்றோரின் ஏக்கத்தை எண்ணும்போது இத்துறவு எளிதன்று என்பது புலனாகும். பொன்னைத் தேடும் வயதில் பொன்னை விட்டவர் அவர்.

அவர் வாழ்வு திரும்பிய இடம் நம் திருச்சிராப்பள்ளியே என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்கது. 1813இல் இந்நகரில் மௌலவி ஷாம் சாகிபு அவர்களிடம் தீட்சை பெற்றுக் காதிரிய்யா நெறியில் இணைந்தார். அதற்கு முன்னரே இதே நகரில் நாயக்கர் அரசவைப் பணியைத் துறந்து ஞானம் தேடியவர் தாயுமானவர். இருவருமே பராபரக்கண்ணி பாடினர் என்பதும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

பின்னர்ச் சிக்கந்தர் மலையில் நாற்பது நாள் தனித்திருந்து தவமியற்றினார். காடும் மலையும் அலைந்தார். இறைக்காதலில் தம்மை மறந்து திரிந்தமையால் மஸ்தான் என்றனர் மக்கள். பித்தரென எண்ணினோரும் உண்டு. உலையில் இட்ட உலோகம் முதலிற் கருகும் என்பர் வாதிகள். ஊராரின் ஏளனம் அவருக்கு அவ்வுலையாயிற்று என நாம் கொள்ளலாம்.

இறுதியில் சென்னை இராயபுரத்தில் தங்கினார். சமய வேறுபாடின்றி மக்கள் அவரை நாடினர். முகியித்தீன் ஆண்டகையைப் பாடிய அவரே, சித்தர் தலைவராம் அகத்தியரை முன்னிறுத்தி அகத்தீசர் சதகமும் பாடினார். மனோன்மணியைக் காதலியாக்கிக் கண்ணி தொடுத்தார். இறைவனை ரகுமான் என விளித்துப் பாடிய அதே நாவிலிருந்து இவையும் பிறந்தன. இதனைக் கலப்படம் என்பாரும் உளர். பல உலோகங்களும் ஒரு தீயில் உருகி ஒன்றாகும் நிலை என்றே நாம் கருதுகின்றோம். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை இயற்றியமை, இக்கருத்துக்குத் தக்க சான்று எனின் மிகையாகாது.

ஐம்பது அகவையைக் காணாமலே 1838இல் அவர் இறையடி சேர்ந்தார். தொண்டியார் எனப் பெற்ற அவர் அடங்கிய இடமே தண்டையார்பேட்டை ஆயிற்று என்பது வழங்கிவரும் செய்தி.

மாயக்கதைகளில் வரும் நிக்கோலஸ் பிளமெல் 1418இல் பாரிசில் மறைந்த மெய்யான மனிதர். அவர் பொன் செய்தார் என்பதோ பிற்காலப் புனைவு. குணங்குடியாரிடம் நாம் காணும் மாற்றம் புனைவன்று. வசதியான இளைஞர் ஒருவர், எளிய மக்கள் நாடிவந்த ஞானியாக உயர்ந்த வரலாறு அது. எனவே மாணவர்களே, மாயக்கதைகளை மகிழ்ந்து படியுங்கள்; படித்து முடித்ததும் நூலகத்தில் குணங்குடியார் பாடல்களையும் ஒருமுறை கையிலெடுங்கள். அக்கதைச் சிறுவனுக்குக் கல் கிட்டியதன் காரணம் அங்கே விளங்கும்.