ஸ்வாந்தே அர்ஹீனியஸ்

இரசாயன சாஸ்திரம் பயிலும் நம் மாணவர்க்கு அர்ஹீனியஸ் என்னும் பெயர் புதிதன்று. பரீட்சைக்காக அவருடைய சமன்பாட்டை மனனஞ் செய்து வருந்தியோர் நம்முட் பலர். ஆயினும், வாயு மண்டலத்திற் கரியமிலவாயு மிகுந்தால் பூமியின் உஷ்ணம் எவ்வளவு உயரும் என முதன்முதல் கணக்கிட்டவரும் அவரே என்பதை அறிந்தோர் சிலரே.

அவர் 1859ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆந் தேதி, ஸ்வீடன் தேசத்து உப்ஸாலா நகரையடுத்துப் பிறந்தார். தந்தையார் நில அளவைத் தொழிலினர். கரைசல்களில் மின்சாரம் செல்லும் விதத்தை ஆராய்ந்து 1884இல் அவர் உப்ஸாலா சர்வகலாசாலைக்கு அளித்த நூலுக்கு மிகத் தாழ்ந்த தரமே கிடைத்தது. ரீகா நகரினின்றும் ஆஸ்ட்வால்டு என்னும் பேராசிரியர் நேரில் தேடிவந்து பாராட்டிய பின்னரே உள்ளூரார் அவரை மதிக்கலாயினர். அந்நூலில் முளைத்த கொள்கைக்காகவே 1903இல் நோபல் பரிசு அவரை அடைந்தது.

1894இல், தம் மாணவியாயிருந்த சோஃபியா ருட்பெக் அம்மையாரை மணந்தார். அவ்வாண்டு கிறிஸ்துமஸ் காலத்திலேயே அந்தப் பெருங்கணக்கிற் புகுந்தார். முற்காலத்துப் பனியுகங்கள் நேர்ந்ததற்குக் காரணம் காண்பதே அவர் நோக்கம். சந்திர ஒளியிலுள்ள வெப்பத்தை லாங்லி என்னும் அமெரிக்கர் அளந்து வைத்த எண்களைக் கொண்டு, பூமியை அட்சரேகைவாரியாகவும் பருவவாரியாகவும் பகுத்து, இயந்திர உதவியின்றி ஓராண்டளவு கையாற் கணக்கிட்டார். கணக்கு 1896இல் அச்சேறிற்று. இல்லறமோ அதே ஆண்டிற் பிரிந்தது. இவ்விரண்டிற்குமுள்ள தொடர்பை ஆராய்தல் நமக்குத் தகாது.

கரியமிலவாயு இருமடங்கானால் உஷ்ணம் 5 அல்லது 6 டிகிரி உயருமென அவர் கண்டார். இக்காலத்து அறிஞர் சுமார் 3 டிகிரி என மதிப்பிடுவர். அத்துணை எளிய கருவிகளைக் கொண்டு இவ்வளவு அணுகியது வியப்பே. அவர் நண்பர் ஹேக்போம் என்னும் நிலநூலார், உலகம் ஆண்டுதோறும் எரித்த 50 கோடி டன் நிலக்கரி, வாயு மண்டலத்துக் கரியமிலவாயுவில் ஆயிரத்திலொரு பங்குக்கு ஈடென்று கணித்திருந்தார். அதைக் கண்டு அர்ஹீனியஸ் அஞ்சினாரில்லை. பனி நாடுகளில் இனிய பருவமும் மிகுந்த விளைவும் உண்டாகுமென மகிழ்ந்தார். குளிரிற் பிறந்தவர்க்கு வெயில் வரமாகத் தோன்றுவது இயல்பே. வெயிலில் வாழும் நாம் அங்ஙனம் மகிழ்தற்கில்லை. உஷ்ணத்தைப் பற்றிய கணக்கைவிடக் காலத்தைப் பற்றிய கணக்கிலேயே அவர் பெரிதும் தவறினார். அம்மாறுதல் நிகழப் பல நூற்றாண்டுகள் செல்லுமென்பது அவர் எண்ணம். நிலக்கரிச் செலவோ இன்று ஆண்டுக்கு 800 கோடி டன்னைக் கடந்துவிட்டது.

1900இல் ஆங்ஸ்ட்ரம் என்பார் எழுப்பிய மறுப்பினால் அக்கணக்கு மதிப்பிழந்தது. 1927 அக்டோபர் 2ஆந் தேதி அர்ஹீனியஸ் காலமானபோது அதைப் பொருட்படுத்தியோர் அரியர். உடல் உப்ஸாலாவில் அடக்கஞ் செய்யப்பட்டது. ஹவாய்த் தீவின் மௌனலோவா மலைமீது கீலிங் என்பார் அவ்வாயுவை இடையறாது அளக்கத் தொடங்கியது 1958இல். அன்று பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு இருந்தது, இப்போது 420ஐத் தாண்டி நிற்கிறது.