ஆற்காடு நவாபும் அடைபடாத கடனும்

சில வாரங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, அகரத்திலிருந்து ஒரு சகோதரர் நம்மைப் பார்க்க வந்திருந்தார். மகளுக்கு நிகாஹ் நிச்சயமாகியிருக்கிறது. திண்டுக்கல்லில் மண்டபம் பேசி முன்பணம் கொடுத்தாயிற்று. மனைவியின் நகை அடகுக் கடையில் இருக்கிறது. மகளிர் குழுவில் ஒரு கடன், அதன் தவணையைக் கட்ட இன்னொரு குழுவில் ஒரு கடன், அதுவும் போதாமல் வாரத் தண்டல். இத்தனையையும் அடைக்க வழி கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தோம். இல்லை. எண்ணூறு பேருக்கு பிரியாணி போட வேண்டுமாம். ஜமாஅத்தில் யாரிடமாவது இரண்டு லட்சம் கைமாற்று வாங்கித் தர முடியுமா என்று கேட்டார். ஆளைக் குறைக்கலாமே என்றோம். ஊரில் தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா ஹஜ்ரத் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

அவர் போன பிறகு நம் நினைவுக்கு வந்தவர் ஒரு நவாப். கர்நாடகம் முழுவதையும் ஆண்டவர், திருவல்லிக்கேணிப் பெரிய பள்ளிவாசலுக்குப் பெயர் தந்தவர், நவாப் முஹம்மது அலி வாலாஜா. கடன் வாங்கியே நாட்டை இழந்த ஒரு குடும்பத்தின் தலைவராகவும் அவரை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார் என்பதோடு அவர் கதை முடிந்துவிடுகிறது. நாம் பார்க்க வேண்டிய கதை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அவருடைய தந்தை நவாப் அன்வருத்தீன் கான் 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் கொல்லப்பட்டார். எதிரில் நின்றவர்கள் சந்தா சாஹிபும் அவருக்குத் துணையாக வந்த பிரெஞ்சுக்காரர்களும். தந்தையை இழந்த மகன் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் ஒதுங்கினார். கையில் பணமில்லை, படையில்லை. சந்தா சாஹிபின் படை கோட்டையைச் சூழ்ந்து நின்றது. அந்த நெருக்கடியில் அவர் இரண்டு பேரிடம் கை நீட்டினார். ஒருவர் ஆங்கிலேயக் கம்பெனியார். மற்றவர் மைசூர் அரசின் தளவாய் நஞ்சராஜர். படையோடு வந்து காப்பாற்றினால் திருச்சிராப்பள்ளியையே தருவதாக நஞ்சராஜருக்கு வாக்குக் கொடுத்தார்.

1752-ல் சந்தா சாஹிப் சரணடைந்து தஞ்சைப் படையின் கையில் மாண்டார். ஆபத்து நீங்கியது, ஆனால் திருச்சி மைசூருக்குக் கொடுக்கப்படவில்லை. அவர் பட்ட முதல் கடன் பணக்கடன் அல்ல, வாக்குக் கடன். அதையும் அவர் அடைக்கவில்லை.

இதில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த மைசூர்ப் படையில் திருச்சிக்கு வந்து ஏமாற்றத்தோடு திரும்பியவர்களில் ஹைதர் அலியும் ஒருவர். 1755-ல் அவர் திண்டுக்கல்லுக்கு ஃபவ்ஜுதாராக அனுப்பப்பட்டார். நம் மலைக்கோட்டையில் இருந்துதான் அவர் தனக்கென்று படையும் பீரங்கியும் சேர்த்தார். பேகம்பூர் பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் அந்தக் குடும்பத்தின் நினைவை இன்றும் அங்கே பார்க்கலாம். கால் நூற்றாண்டு கழித்து, 1780-ல், அதே ஹைதர் பெரும்படையோடு கர்நாடகத்துக்குள் இறங்கினார். அப்போது நவாபின் கஜானா காலியாக இருந்தது. அது எப்படிக் காலியானது என்பதுதான் நாம் சொல்ல வந்த விஷயம்.

கம்பெனி சும்மா உதவவில்லை. திருச்சி முற்றுகைக் காலத்திலிருந்து நடந்த போர்களின் செலவை நவாபின் கணக்கில் எழுதிக்கொண்டே வந்தது. அந்தப் பாக்கியைக் கேட்டு நெருக்கும்போது நவாப் என்ன செய்வார்? அதே கம்பெனியின் ஊழியர்களிடம் தனிப்பட்ட முறையில் வட்டிக்கு வாங்கிக் கம்பெனிக்குக் கட்டுவார். முதலாளிக்குக் கட்ட வேண்டிய பணத்தை முதலாளியின் கணக்கப்பிள்ளையிடமே கடன் வாங்குவது போன்ற ஏற்பாடு இது. தொடக்கத்தில் வட்டி நூற்றுக்கு 36 வரை போனது. பிறகு 25, 20 என்று இறங்கி, 1767-ல் பழைய பத்திரங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்தபோது 10 ஆனது. வட்டி குறைந்தது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் சேர்க்கும்போது கட்டாத வட்டியும் அசலில் ஏறிவிட்டது. குழுக்கடனைப் புதுப்பித்துக்கொள்ளச் சொல்லி வீட்டுக்கு வருகிறவர்களைப் பார்த்த நம் தாய்மார்களுக்கு இந்தக் கணக்கை நாம் விளக்க வேண்டியதில்லை.

அடமானம் என்ன வைத்தார்? தன் வாளையோ குதிரையையோ அல்ல. ஊர்களின் வரி வசூலை எழுதிக்கொடுத்தார். இந்தச் சீமையின் இந்த ஆண்டு வரியை இன்னார் வசூலித்துக்கொள்ளலாம் என்று ஒரு சீட்டு. சீட்டைப் பெற்ற ஆங்கிலேயருக்காக வசூலுக்குப் போனவர்களுக்கு அடுத்த ஆண்டைப் பற்றிக் கவலையில்லை. களத்தில் நெல் கிடக்கும்போதே வந்து நின்றார்கள். கடனில் கையெழுத்துப் போட்டவர் சென்னையில் இருந்தார், கட்டியவர்கள் ஏர் பிடித்தவர்கள். நவாபின் குற்றங்களில் நமக்கு மிகப் பெரிதாகப் படுவது இதுதான். தனக்குச் சொந்தமில்லாத ஒன்றை அவர் அடமானம் வைத்தார்.

1763-ல் பாரிஸ் உடன்படிக்கை அவரை கர்நாடக நவாபாக ஏற்றுக்கொண்டது. 1765-ல் டெல்லிப் பேரரசர் ஷா ஆலத்தின் ஃபர்மான் அவரை ஹைதராபாத் நிஜாமின் கீழிருந்து விடுவித்தது. பட்டங்கள் பெருகின. 1764-ல் மதுரையில் கான் சாஹிப் யூசுப் கானைத் தூக்கிலிட்டாயிற்று. இனி ஆற்காட்டில் அமர்ந்து வரவு செலவைப் பார்த்திருக்கலாம். அவரோ சென்னைக்கே குடி வந்துவிட்டார். 1768-ல் சேப்பாக்கத்தில் கடலைப் பார்த்தபடி அரண்மனை எழுந்தது. அதை வடிவமைத்தவர் என்று பால் பென்ஃபீல்டு என்னும் கம்பெனிப் பொறியாளரின் பெயரைச் சொல்வார்கள். அதே பென்ஃபீல்டுதான் பின்னாளில் நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களில் மிகப் பெரியவர். கோட்டையில் கடன்காரர்கள், கூப்பிடு தூரத்தில் கடன் வாங்கியவர். லண்டனிலிருந்து வந்த டில்லி கெட்டில், ஜார்ஜ் வில்லிசன் போன்ற ஓவியர்கள் அவரை முழு உருவமாகத் தீட்டினார்கள். அந்தப் படங்களில் முத்துமாலையும் வெள்ளை அங்கியுமாக, கடனின் சாயலே இல்லாமல் கம்பீரமாக நிற்கிறார்.

அவர் ஊதாரி மட்டுமே என்று எழுதினால் அது அநீதி. ஹரமைனுக்கு அவர் அனுப்பிய காணிக்கைகள், ஆலிம்களுக்குக் கொடுத்த மானியங்கள் ஏராளம். நம் மதரஸாக்களில் ஓதப்படும் நிஜாமிய்யா பாடத்திட்டத்தை வகுத்த முல்லா நிஜாமுத்தீன் அவர்களின் மகனார், லக்னோவின் பஹ்ருல் உலூம் அப்துல் அலி (ரஹ்) அவர்களைச் சென்னைக்கு வரவழைத்து மதரஸா அமைத்துக் கொடுத்தவர் இவர்தான். அந்தப் பெரியார் 1810-ல் வஃபாத்தாகி வாலாஜா பள்ளிவாசலிலேயே அடங்கியிருக்கிறார்கள். ஓதி வந்த நாம் அந்த நன்றியை மறக்க முடியாது. ஆனாலும் கடன்காரன் வாசலில் நிற்கும்போது செய்யும் கொடை யாருடைய பணம் என்ற கேள்வி அந்த நன்றியோடு சேர்ந்தே வருகிறது.

கடனை அடைக்க நவாப் கண்ட வழி தஞ்சை. 1773-ல் கம்பெனிப் படையைக் கொண்டு தஞ்சையைப் பிடித்து மன்னர் துளஜாஜியைச் சிறை வைத்தார். பிடித்த கையோடு தஞ்சையின் வருவாயும் கடன் சீட்டுகளில் ஏறிவிட்டது. லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் நாட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, கவர்னர் பிகட் பிரபுவை அனுப்பினார்கள். 1776-ல் அவர் மன்னரை மீண்டும் அமர்த்தினார். உடனே பென்ஃபீல்டு வந்து நின்றார். தஞ்சை வருவாயின் மீதும் அங்குள்ள விளைச்சலின் மீதும் தனக்கு 2,34,000 பவுன் வர வேண்டும் என்றார். ஆண்டுக்குச் சில நூறு பவுன் சம்பளம் வாங்கிய ஒருவருக்கு இத்தனை பணம் ஏது என்று பிகட் மறுத்தார். சபையில் பெரும்பாலோர் கடன்காரர்களின் பக்கம். 1776 ஆகஸ்ட் 24-ல் கவர்னரையே கைது செய்தார்கள். அடுத்த ஆண்டு அவர் காவலிலேயே இறந்து போனார். ஒரு நவாபின் கடன் சென்னைக் கவர்னரைக் காவலில் வைத்துச் சாகடித்தது என்றால் நம்புவது கடினம், ஆனால் நடந்தது அதுதான்.

1777-ல் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நவாபின் குதிரைப்படையைக் கலைப்பதென்று முடிவானது. அதற்குச் சம்பளப் பாக்கி நான்கு லட்சம் வராகன் வேண்டும். மூன்று ஆங்கிலேயர்கள் தாங்கள் கொடுப்பதாக ஏற்று, பதிலுக்கு வரி வசூல் சீட்டுகளை வாங்கிக்கொண்டார்கள். வசூல் நடந்தது. வீரர்களுக்குச் சம்பளம் மட்டும் வரவில்லை. ஏழை நாட்டு மக்களின் பணத்தையே வசூலித்து, அதையே கடனாகக் கொடுத்து, அதற்கும் வட்டி கேட்ட வியாபாரம் அது. 1785 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்டு பர்க் இதையெல்லாம் விரிவாக எடுத்து வைத்தார். பயனில்லை. கடன்காரர்களில் பலர் அந்த மன்றத்திலேயே செல்வாக்கோடு இருந்தார்கள். பென்ஃபீல்டே 1780-ல் உறுப்பினராகியிருந்தார். கணக்குகளைச் சரிவர ஆராயாமலே, ஆண்டுக்கு 12 லட்சம் வராகன் கர்நாடக வருவாயிலிருந்து கடனுக்கு ஒதுக்கப்பட்டது.

அப்படியானால் நவாப் ஏமாற்றப்பட்டவர்தானே, அவரைக் குறை சொல்வது சரியா என்று கேட்கலாம். நாமும் இதைப் பலமுறை யோசித்ததுண்டு. கடன் கொடுத்தவர்கள் கொள்ளைக்காரர்கள் என்பதில் சந்தேகமில்லை. வட்டி வாங்குபவனைப் பற்றி மார்க்கம் சொல்வதை நாம் இங்கே புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பத்திரங்களில் இருந்த முத்திரை நவாபுடையது. பணமே கைக்கு வராமல், ஒரு அதிகாரியின் தயவுக்காக, லண்டனில் ஒரு ஆதரவுக்காகவும்கூட அவர் பத்திரம் எழுதிக் கொடுத்தார். இன்னும் கொஞ்ச நாள் நவாபாக நிற்க வேண்டும் என்பதே நோக்கம். அகரத்துச் சகோதரர் சொன்ன தலை நிமிர்வும் ஏறத்தாழ இதுதான்.

ஸஹீஹ் புகாரியில் வரும் ஒரு நிகழ்ச்சியை எல்லா ஜமாஅத்திலும் கேட்டிருப்பீர்கள். ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. மூன்று தீனார் கடன் பாக்கி, விட்டுச் சென்றது ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் நபி (ஸல்) அவர்கள் தாம் தொழுவிக்காமல் தோழர்களைத் தொழுதுகொள்ளச் சொன்னார்கள். அபூ கதாதா (ரலி) கடனைத் தாம் ஏற்றுக்கொண்ட பிறகே தொழுவித்தார்கள். பிற்காலத்தில் செல்வம் வந்தபோது, இயலாமல் இறந்தவர்களின் கடனை நபியவர்களே பொறுப்பேற்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஏழையின் நெருக்கடி வேறு. நெருக்கடி தீர்ந்த பின்னும் அதே கையை நீட்டிக்கொண்டிருப்பது வேறு. 1751-ல் திருச்சியில் முற்றுகைக்குள் இருந்த முஹம்மது அலியை யாரும் குறை சொல்ல முடியாது. 1768-ல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டியவரை அப்படி விட்டுவிட முடியாது.

1781-ல் ஹைதருடன் போர் நடந்துகொண்டிருக்கும்போதே கர்நாடகத்தின் வரி வசூலைக் கம்பெனியிடம் ஒப்படைக்க வேண்டி வந்தது. 1785-ல் அது திரும்பியது, அடுத்த போரில் மீண்டும் போனது. 1795 அக்டோபர் 13-ல் நவாப் வாலாஜா காலமானார். அவர் பெயரால் வழங்கும் பெரிய பள்ளிவாசலும் அந்த ஆண்டில்தான் எழுந்தது. அவருடைய உடல் திருச்சிராப்பள்ளியில் அடங்கியிருக்கிறது, யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொண்ட அந்த ஊரில்.

மகன் உம்தத்துல் உமரா 1801 ஜூலையில் இறந்ததும், திப்பு சுல்தானுடன் ரகசியக் கடிதத் தொடர்பு என்று குற்றம் சாட்டிக் கம்பெனி நாட்டை எடுத்துக்கொண்டது. அடுத்து வந்த அஜீமுத் தவ்லாவுக்கு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் பட்டமும் மட்டும் மிஞ்சின. கடன்காரர்கள் அப்போதும் விடவில்லை. முன்னர் வாங்கியது போக, இன்னும் மூன்று கோடி பவுனுக்கு மேல் பாக்கி என்று பத்திரங்களைக் கொண்டுவந்து குவித்தார்கள். இந்த முறை ஆணையம் வைத்து ஆராய்ந்தார்கள். 1814 வரை தீர்ப்பான தொகையில் மிகச் சிறிய பங்குதான் தேறியது. மற்றவை பொய்ப் பத்திரங்கள். பென்ஃபீல்டு 1810-ல் பாரிஸில் வறுமையில் செத்தார்.

1855-ல் கடைசி நவாப் குலாம் முஹம்மது கவ்ஸ் வாரிசின்றி மறைந்தார். 1859-ல் சேப்பாக்கம் அரண்மனை கடனுக்காக ஏலத்துக்கு வந்து, அரசாங்கமே அதை எடுத்தது. மெரினாவுக்குப் போகிறவர்கள் எதிரே பார்க்கும் சிவப்புக் கட்டடம் அதுதான், உள்ளே அரசு அலுவலகங்கள். கொஞ்சம் நடந்தால் பள்ளிவாசல். அதை யாரும் ஏலம் விடவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அகரத்துச் சகோதரர் தொலைபேசியில் அழைத்தார். எண்ணூறு பேரை இருநூறாக்க சம்பந்தி வீட்டார் சம்மதித்துவிட்டார்களாம். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் திரும்ப வராது போலிருக்கிறது. அதைப் பேசுவதற்கு வரும் வெள்ளிக்கிழமை வருகிறார்.