51 மணி நேரம் சுழன்ற தோள்

கோவில்பட்டிப் பக்கம் நீச்சல்னா கிணறும் கண்மாயும்தான். ஐப்பசி மழை பெய்ஞ்சா தண்ணி. கோடையில கரிசல் வெடிச்சுக் கிடக்கும். அப்படி நீச்சல் பழகின நாம தெரிஞ்சுக்க வேண்டிய ஆள், ஆழிக்குமரன் ஆனந்தன்.

1943-ல் பிறந்தவர். இலங்கையின் வல்வெட்டித்துறைக்காரர். நவரத்தினசாமி 1954-ல் பாக் நீரிணையை நீந்திக் கடந்தப்போ ஆனந்தன் சின்னப் பையன். 1971-ல் இவர் அதுக்கும் மேலே போனார். இலங்கையிலிருந்து இந்தியக் கரைக்கு நீந்தி வந்து, நீந்தியே திரும்பினார். மொத்தம் 51 மணி நேரம்!

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நிமிஷத்துக்கு ரெண்டு கையும் சேர்த்து 50 வீச்சுன்னு வெச்சுக்கிட்டாலே 1,53,000 வீச்சு வருது. ஒவ்வொரு தோளுக்கும் 76,500 சுழற்சி. இயந்திரமா இருந்தா தேய்மானம்னு சொல்லிடுவோம். தோளும் அப்படித்தான். பெரிய பந்து, ஆழமில்லாத கிண்ணம். பந்தை இடத்துல பிடிச்சு வைக்கிறது சுத்தியிருக்கிற தசைங்கதான். அதுங்க சோர்ந்துட்டா பந்து மேலே ஏறி, தசைநாரை எலும்போட அழுத்தும். வலி அங்கேதான் ஆரம்பிக்கும்.

இதுக்கு நீச்சல்காரர் தோள்னு கென்னடி, ஹாக்கின்ஸ் என்ற கனடா மருத்துவர்கள் பேர் வெச்சதே 1974-ல்தான். ஆனந்தன் நீந்தி மூணு வருஷம் கழிச்சு.

அவரோட பலம் தாங்குற சக்தி. 1980-ல் ஒத்தைக் காலில் 33 மணி நேரம் நின்னும் உலக சாதனை செஞ்சார். ஆனா 1984 ஆகஸ்ட் 6, ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் உயிரிழந்தார். வயசு 41. கொழும்பு சுகததாச விளையாட்டரங்க நீச்சல் குளம் இன்னைக்கும் அவர் பேரைச் சொல்லுது.

அவர்கிட்ட இருந்து துணிச்சலை எடுத்துக்கலாம். வலியைத் தாங்குறதையும் சேர்த்து எடுத்துக்க வேண்டாம். பத்து மாசம் தண்ணியே தொடாம, மண்டலப் போட்டி அறிவிச்சதும் தினமும் ரெண்டு வேளை நீந்துறோமே, அந்தத் திடீர்ச் சுமைதான் தோளுக்கு முதல் எதிரி. கை தண்ணிக்குள்ள கட்டைவிரல் முதல்ல இறங்குறது, தலைக்கு நேரே குறுக்கே போறது, பழைய காயம் இதெல்லாம் அடுத்தடுத்து வரும்.

தூரத்தை வாரா வாரம் கொஞ்சமா கூட்டுங்க. தோள்பட்டைத் தசைக்குத் தரையிலேயே பயிற்சி கொடுங்க. கண்மாய் காஞ்சாலும் அது முடியும். கையைத் தூக்கும்போது வலிச்சா, அன்னைக்கு நீச்சலை நிறுத்திட்டு மருத்துவரைப் பாருங்க.