இலவசக் கல்வித் தந்தை கன்னங்கரா

பசித்த பிள்ளைக்கு ஒருவேளை சோறிடுதல் புண்ணியம். அப்பிள்ளை நாளை தன் உழைப்பால் தானும் உண்டு, பெற்றோர்க்கும் ஊட்டத்தக்க வழியைச் செய்து கொடுத்தல் அதனினும் பெரிய புண்ணியம். முன்னதை நல்ல மனம் படைத்த எவரும் செய்யலாம். பின்னதை ஒரு நாடு முழுவதற்கும் செய்வதாயின் அரசாங்கமே முன்வரல் வேண்டும். நமது இலங்கையில் அரசாங்கத்தை அவ்வாறு முன்வரச் செய்த பெரியார் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களாவர். அன்னார் தென்னிலங்கையிற் பிறந்த சிங்களப் பெருமகன். எனினும் மட்டக்களப்பு வாவிக் கரையில் வாழும் நாமும் அவர் நட்ட மரத்தின் கனியையே உண்கின்றோம். ஆதலின் நமது சங்கத்தின் ஆண்டு மலரில் அவர் வரலாற்றைச் சுருக்கமாக எழுதத் துணிந்தேன்.

இளமை

கிறிஸ்தோபர் வில்லியம் விஜேகோன் கன்னங்கரா 1884 ஆம் ஆண்டு ஒக்டோபர் 13 ஆம் திகதி அம்பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள ரன்தொம்பை என்னும் ஊரிற் பிறந்தார். குடும்பம் செல்வம் கொழித்த குடும்பமன்று. ஊரிலிருந்த வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் அவர் கல்வி தொடங்கிற்று. அப்பாடசாலையின் பரிசளிப்பு விழாவுக்குக் காலி றிச்மண்ட் கல்லூரி அதிபர் டரல் பாதிரியார் வந்திருந்தார். ஒரு சிறுவனே மீண்டும் மீண்டும் மேடையேறிப் பரிசுகளை வாரிக்கொண்டு போவதைக் கண்டு அவர் வியந்தார். அவ்வளவில் நின்றாரல்லர், அச்சிறுவன் தமது கல்லூரியிற் படிப்பதற்கு உபகாரச் சம்பளமும் அளித்தார்.

அந்த உபகாரச் சம்பளமே கன்னங்கராவின் வாழ்க்கையைத் திருப்பிற்று. கல்லூரியில் அவர் கணிதத்திற் சிறந்து விளங்கினார். கேம்பிரிட்ஜ் பரீட்சையில் எண்கணிதத்தில் பிரித்தானியப் பேரரசு முழுவதிலும் முதல்வராகத் தேறினார். கிரிக்கெற் அணிக்கும் தலைவராயிருந்தார். பின்னர் அக்கல்லூரியிலேயே ஆசிரியரானார். 1906 இல் நெருப்புக்காய்ச்சல் பரவியபோது நோயுற்ற மாணவர்களைப் பராமரித்த டரல் பாதிரியார் தாமும் அந்நோய்க்கு இரையானார். மாணவர்க்காக உயிர்கொடுத்த அவ்வாசிரியரைக் கன்னங்கரா என்றும் மறந்தாரல்லர்.

மிஷன் பாடசாலையிலே படித்து வளர்ந்த எனக்கு இவ்வரலாற்றைப் படிக்குந்தோறும் ஓர் எண்ணம் எழுவதுண்டு. டரல் பாதிரியார் அன்று அவ்விழாவுக்கு வராதிருந்தால்? வந்தும் அச்சிறுவனைக் கவனியாதிருந்தால்? அவனுக்கு நிகரான அறிவுடைய எத்தனை பிள்ளைகள் எந்தப் பெரியவர் கண்ணிலும் படாமலே போயினர்! இக்கேள்வியே கன்னங்கராவின் பிற்காலப் பணிக்கு வித்தாயிற்று என எண்ணுகிறேன்.

பொது வாழ்வு

1910 இல் அவர் சட்டம் கற்றுத் தேறிக் காலியில் நியாயவாதியானார். 1911 இல் படித்த இலங்கையரின் பிரதிநிதியாகச் சட்ட நிரூபண சபைக்குப் போட்டியிட்ட சேர். பொன்னம்பலம் இராமநாதனுக்கு ஆதரவு தேடினார். 1915 இற் கலகம் மூண்டபோது கைதானோர்க்காக நீதிமன்றங்களில் வாதாடினார். இலங்கைத் தேசிய காங்கிரசிற் சேர்ந்து 1930 இல் அதன் தலைவரானார். 1931 இல் டொனமூர்த் திட்டப்படி வளர்ந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை கிடைத்தது. அவ்வாண்டு அமைந்த அரசாங்க சபையில் கல்வி நிர்வாகக் குழுவின் தலைவராகவும், இந்நாட்டின் முதலாவது கல்வி மந்திரியாகவும் தெரிவானார். 1947 வரை பதினாறு ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார்.

அக்காலக் கல்வி

அந்நாளில் பாடசாலைகள் இருவகைப்பட்டன. சுயபாஷைப் பாடசாலைகளிற் சம்பளம் இல்லை. அங்கே படித்தவர்க்குப் பெரிய உத்தியோகமும் இல்லை. ஆங்கிலப் பாடசாலைகளிற் சம்பளம் கட்டவேண்டும். உத்தியோகத்துக்கு வழியோ அதுவே. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று நம்மூர்ப் பெரியோர் சொல்வர். அதன் பொருள் என்ன? அரசாங்க உத்தியோகத்தனுக்கு மாதச் சம்பளம் உண்டு. முதுமையில் இளைப்பாற்றுச் சம்பளமும் உண்டு. கரைவலை இழுப்பவனுக்கும் வயலில் கூலி வேலை செய்பவனுக்கும் இவ்விரண்டும் இல்லை. ஆகவே, தகப்பனிடம் பள்ளிச் சம்பளம் கட்டப் பணமில்லாத பிள்ளை கல்வியை மட்டும் இழந்தானல்லன். அறுபது வயதில் தனக்குக் கிடைக்கவேண்டிய ஆறுதலையும் ஏழு வயதிலேயே இழந்தான். குழந்தையின் வறுமையும் முதியவரின் வறுமையும் ஒரே கயிற்றின் இரு தலைப்புகளாகும்.

பெரும் பணி

இம்முடிச்சையே கன்னங்கரா அவிழ்க்க முயன்றார். 1939 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கக் கல்விச் சட்டத்தை நிறைவேற்றினார். 1940 இல் விசேட கல்விக் குழு அமைந்தது. அதன் அறிக்கை 1943 இல் வெளிவந்தது. பாலர் வகுப்பு முதல் சர்வகலாசாலை வரை கல்வி இலவசமாதல் வேண்டும், ஆரம்பக் கல்வி தாய்மொழியில் நிகழ்தல் வேண்டும் என்னும் கொள்கைகள் உருப்பெற்றன. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. கெட்டிக்காரப் பிள்ளைகளை ஐந்தாம் வகுப்புப் பரீட்சை மூலம் தெரிந்து, அங்கே தங்கிப் படிக்க உதவிப் பணமும் அளித்தனர். அவர் பதவிக் காலத்தில் அமைந்த மத்திய கல்லூரிகள் ஐம்பத்து நான்கு என்பர்.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. எல்லாரும் படித்துவிட்டால் வயலுக்கும் வேலைக்கும் ஆளேது என்று சில செல்வர் அஞ்சினர். பணத்துக்கு எங்கே போவது என்று கணக்குப் பார்த்தோர் தயங்கினர். சம்பளம் வாங்கி நடந்த மிஷன் கல்லூரிகள் பலவும் எதிர்த்தன. தம்மை ஆளாக்கிய மிஷன் கல்வியின் அருமையைக் கன்னங்கரா நன்கறிந்தவர். எனினும் தாம் பெற்ற பேறு தம்மைப் போன்ற ஒருவர் இருவரோடு நின்றுவிடலாகாது என்றே வாதிட்டார். மிஷன்களின் பால் நானும் நன்றியுடையேன். ஆயினும் இவ்வழக்கில் நியாயம் மந்திரியின் பக்கமே என்பதில் எனக்கு ஐயமில்லை. 1945 ஒக்டோபர் முதலாம் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. டரல் பாதிரியார் செய்தது தருமம். அதனைப் பெறுவதற்கு ஒரு நல்லவர் கண்ணிற் படவேண்டும். கன்னங்கரா செய்தது சட்டம். அதனைப் பெறுவதற்குப் பிள்ளையாய்ப் பிறந்திருந்தாற் போதும். தருமத்தை உரிமையாக மாற்றியதே அன்னாரின் பெருமை.

நம் நாட்டில்

மட்டக்களப்பு நாட்டில் விபுலானந்த அடிகளார் 1929 இற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கிக் கல்வி வளர்த்ததை நாம் அறிவோம். அடிகளார் போன்றோர் எல்லா ஊர்க்கும் எல்லாக் காலத்துக்கும் கிடைப்பாரோ? அக்குறையை நிரப்பியது கன்னங்கராவின் திட்டம். வந்தாறுமூலை மத்திய கல்லூரி அத்திட்டத்தின் பயனாக எழுந்ததே. அவ்வளாகத்திலேயே 1981 இற் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986 இற் கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. கூலிக்காரன் பிள்ளையும் கடற்றொழிலாளி பிள்ளையும் அங்கே பட்டம் பெறுகின்றனர். பாடநூல்கள் 1980 முதலும், சீருடைகள் 1993 முதலும் இலவசமாயின. அவையும் அவர் நட்ட வேரிலிருந்து கிளைத்த கிளைகளே.

தோல்வியும் முதுமையும்

இத்துணை நன்மை செய்தவரை 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் மத்துகமத் தொகுதி மக்கள் தோற்கடித்தனர். பாவம், பயன்பெற்ற குழந்தைகளுக்கு வாக்கில்லை! பின்னர் இந்தோனேசியாவில் இலங்கையின் பிரதிநிதியாகப் பணிபுரிந்து மீண்டார். 1952 இல் அகலவத்தையில் வென்று உள்ளூராட்சி மந்திரியானார். அடுத்த ஆண்டிலேயே அவர் அங்கம் வகித்த அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளின் இலவச மதிய உணவை நிறுத்தி, பங்கீட்டரிசி விலையையும் உயர்த்திற்று. 1953 ஓகஸ்ட் 12 ஆம் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. பிள்ளைக்குக் கல்வி கொடுத்தவர் இருந்த மந்திரிசபையே பிள்ளையின் சோற்றிற் கைவைத்தமை வருந்தத்தக்கது. பெரியோர் வரலாற்றை எழுதுவோர் இதனை மறைத்தலாகாது.

1956 இல் அரசியலை விட்டு ஓய்ந்தார். பொருள் தேடாது வாழ்ந்தமையால் முதுமையிற் கையில் ஒன்றும் இல்லை. பாராளுமன்ற உறுப்பினர்க்கு ஓய்வூதியம் வழங்கும் சட்டம் வந்ததோ அவர் மறைந்தபின், 1977 இலே. 1960களில் அரசாங்கம் அவர் நிலைக்கு இரங்கி ஒரு தொகைப் பணமும், பின்னர் மாதாந்த உதவிப் பணமும் வழங்கிற்று. 1969 செப்ரெம்பர் 23 ஆம் திகதி அன்னார் இவ்வுலகை நீத்தார். இளமையில் ஒரு நல்லவரின் கண்ணிற் பட்டதாற் படித்தார். முதுமையிற் சில நல்லவர்களின் மனம் இரங்கியதால் உண்டார். இரண்டுக்கும் நடுவே இலட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு இரக்கம் வேண்டாத உரிமையை வாங்கிக் கொடுத்தார். தமக்கென அதனை வாங்கினாரல்லர்.

நாம் செய்யவேண்டியது

அரசாங்கம் ஏழை முதியவர்க்கு மாதந்தோறும் கொடுக்கும் உதவியை நம்மூரிற் பிச்சைச் சம்பளம் என்று சொல்லும் வழக்கம் உண்டு. நாற்பது ஆண்டு தோணி வலித்த கைக்கு நாடு கொடுப்பது பிச்சையா? விவசாயிகளுக்கு 1987 இலும் மீனவர்க்கு 1990 இலும் ஓய்வூதியச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவை தாமாகச் சேர்ந்து தவணைப் பணம் கட்டியோர்க்கே உரியன. இன்று மீன்பட்டு நாளை வெறுங்கையோடு கரையேறுபவன் தவணை தவறாது கட்டுவது எளிதன்று. பாட்டன் மருந்துக்குப் பணமில்லாத வீட்டிற் பேரன் புத்தகத்தை வைத்துவிட்டுக் கடலுக்குப் போகிறான். பள்ளிக்கூடம் இலவசந்தான், ஆனால் அவன் அங்கே இல்லை. ஆகவே கன்னங்கரா தொடங்கிய பணியின் மறுபாதி இன்னும் கிடக்கின்றது. முதியவரின் உணவும் உரிமையாகும்போதே பிள்ளையின் கல்வி முழுமையாகும்.

சங்கத்து இளைஞர்களே! இங்கிலாந்திலே எழுபது வயதினர்க்கு அரசாங்க ஓய்வூதியம் 1908 இலேயே சட்டமாயிற்று. பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் சட்டம் அதற்கு இரண்டாண்டு முன்னரே வந்தது. தமிழ்நாட்டிற் காமராசர் 1956 இல் மதிய உணவுத் திட்டத்தைப் பரப்பினார். ஆதலின் இவை நடவாத காரியங்களல்ல. பெரிய சட்டங்களை நாம் இயற்ற முடியாதுதான். ஆயினும், உதவிக்கு விண்ணப்பம் எழுதத் தெரியாத ஆச்சிமார்க்கு எழுதிக் கொடுக்கலாம். பள்ளிக்கு வராத தம்பியின் வீட்டை ஒருமுறை சென்று பார்க்கலாம். பிச்சைச் சம்பளம் என்ற சொல்லை நம் நாவினின்றும் நீக்கலாம். இலவசக் கல்வியாற் படித்த ஒவ்வொருவரும் அன்னாருக்குக் கடன்பட்டவரே. அக்கடனைத் தீர்க்கும் வழி இதுவன்றி வேறில்லை.

வாழ்க கன்னங்கரா நாமம்! வளர்க அவர் தொடங்கிய நற்பணி!